நாக்கின் எடை

ராலின்ஸ் தாண்டினால் காற்று காசு கேட்காமல் தள்ளிவிடும்.
வயோமிங்கில் இலவசம் அது ஒன்றுதான்.
இரவுப் பணி எனக்கு.
எடைமேடைக்கும் காப்பிக்கும் ஒரே கல்லாப்பெட்டி.

பதினொன்றரைக்கு ஒரு பிக்கப் வந்தது,
மூக்கைத் தூக்கி, பின்புறம் குந்தியபடி,
முகப்பு விளக்கு இரண்டும் நட்சத்திரம் எண்ணிக்கொண்டு.
பின்னால் வெள்ளை ட்ரெய்லர்.

டெல்மர் ஹாக்ஸ்லி என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.
"பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் என்று
விளம்பரத் தாளிலேயே போட்டிருக்கிறான்.
என் ட்ரெய்லர் எட்டாயிரத்து இருநூறுதான்.
இவள்தான் வண்டியை நிறுத்தி நிறுக்கச் சொன்னாள்."

இவள், ரோவீனா,
கதவுத் தூணருகே முழங்காலிட்டு
செல்போன் வெளிச்சத்தில்
உள்ளங்கையளவு ஒட்டுச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.
ஆட்களும் சரக்கும் சேர்ந்து
ஆயிரத்து நானூற்று நாற்பதைத் தாண்டக் கூடாது.

"ஆட்களும் என்றிருக்கிறதே,
அப்படியானால் நானும் சுமையா?"

காப்பிக் கோப்பையின் வெளிப்புறத்தில் கணக்குப் போட்டாள்.
அவர் இருநூற்றுப் பத்து. (நூற்றுத் தொண்ணூறு என்றார்; அவள் அடிக்கவில்லை.)
தான் நூற்றறுபது.
நாய் எழுபது.
கருவிப்பெட்டி நூற்றிருபது.
கொண்டி இரும்பு எழுபது.
பிறகு என்னைப் பார்த்தாள்:
"அவ்வளவுதானே?"

இல்லையம்மா,
ட்ரெய்லருக்கும் நாக்கு ஒன்று உண்டு.
இழுப்பதெல்லாம் பின்னால் உருளும்;
நாக்கு மட்டும் உங்கள் முதுகில் உட்காரும்.
உங்களுடையது ஆயிரத்தைம்பது.

மேடை சொன்ன எண்களைத் தாளில் அடித்துக் கொடுத்தேன்:
முன்னச்சு மூவாயிரத்து எண்பது,
பின்னச்சு நாலாயிரத்து நூற்றறுபது.
பின்னச்சு தாங்குவது மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.
வண்டிக்கு விதித்தது ஏழாயிரம். இருந்தது
ஏழாயிரத்து இருநூற்று நாற்பது.

"இழுக்குமே!" என்றார் டெல்மர்.
இழுக்கும் ஐயா. யார் இல்லை என்றது?
இழுப்பது எஞ்சினின் வீரம்.
சுமப்பது வில்தகடு, அச்சு, டயர்.
அவை விளம்பரத்தில் வருவதில்லை.

"காற்றுப்பை வைத்துத் தூக்கினால்?"
பின்புறம் நிமிரும்; எண் நிமிராது.

ட்ரெய்லரின் மூக்கில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ரோவீனா சொன்னாள்:
பத்தொன்பது வருடமாக
அடுத்த கோடையில் ஓடப்போகிற ஒரு காரின் எஞ்சின்.
முந்நூற்று நாற்பது பவுண்டு.

"வால் பக்கம் நகர்த்திவிடலாம்," என்றார் அவசரமாக.
வேண்டாம்.
நாக்கு லேசானால் வால் ஆடும்.
எல்க் மலை இறக்கத்தில், பக்கக் காற்றில்,
வால் நாயை ஆட்டுவதை
இந்த ஜன்னலுக்கு வந்த மீட்பு வண்டிக்காரர்கள்
காப்பி ஆறும்வரை சொல்லியிருக்கிறார்கள்.
நாக்குக்கு அளவு பத்தில் ஒன்று, கொஞ்சம் கூடலாம்.
குறைந்தால் ஆட்டம், மிஞ்சினால் முறிவு.

கிடங்கு ஃபோர்க்லிஃப்ட் வந்தது.
யாரும் பேசவில்லை. நாய் மட்டும் குரைத்தது.
எஞ்சினை என் ஜன்னலுக்கு வெளியே இறக்கி
நீலத் தார்ப்பாய் போர்த்தினார்,
குளிரும் என்பதுபோல்
ஓரங்களைச் செருகிச் செருகி.
"ஏப்ரலில் வருகிறேன்."

மறு எடைக்குக் கட்டணம் குறைவு.
ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.
விளக்குகள் சாலைக்கு இறங்கியிருந்தன.
"இருபது பவுண்டு மிச்சம்," என்று
ரோவீனா தாளைக் கண்கூசி மறைப்பில் செருகினாள்.
"இனி வழியில் ஒன்றும் வாங்காதே."
அவர் எனக்குத் தெரியாமல் என்று நினைத்து
இரண்டு டோனட் வாங்கிக்கொண்டு போனார்.

ஏப்ரல் போய்விட்டது.
தார்ப்பாய்க்குள் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது.
நான்கு.
எடை பார்க்கவில்லை.